சீட்டில் ஏறாத நெஞ்சு வலி

அனுப்புவது:
கோ. சொர்ணம்மாள், வயது 62,
பூச்சந்தைக்கு மேற்குத் தெரு,
தோவாளை, நாகர்கோவில் வழி.

பெறுவது:
சூப்பிரண்டு டாக்டர் அவர்கள்,
சத்தியானந்தம் தர்ம ஆஸ்பத்திரி,
நாகர்கோவில்.

விஷயம்: ஆண்கள் வார்டு ஒன்பதாம் கட்டிலில் இருக்கும் என் வீட்டுக்காரர் கோலப்பனுக்கு வருகிற ஜூன் 23-ந் தேதி கால் ரத்தக்குழாயில் பெரிய ஆபரேஷன் செய்வதாக இருப்பது – அதற்கு முன் அவருடைய நெஞ்சைச் சோதிக்கக் கேட்டுக்கொள்வது – வியாதிச் சீட்டில் தப்பாக எழுதியிருப்பதைத் திருத்துவது.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. கொல்லம் ஆண்டு 1130 வைகாசி 26, வியாழக்கிழமை, காலை பத்து மணி அடித்துச் சற்று நேரம். அன்று ஒன்பதாம் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு ஒருவரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. கட்டிலில் என் வீட்டுக்காரர் கோலப்பன், வயது அறுபத்தெட்டு, தோவாளையில் பூ வியாபாரம். தலைமாட்டில் அவருடைய தம்பி, எனக்குக் கொழுந்தன், தாணுலிங்கம், மாட்டுத் தரகு. கால்மாட்டில் எங்கள் மூத்த மகன் குமாரதாஸ். முக்காலியில் சீட்டு எழுதுகிற ஜெபசீலன். மாதம் இரண்டு வியாழக்கிழமை சென்னையிலிருந்து வந்து போகிற பெரிய சர்ஜன் டாக்டர். அவருக்குப் பின்னால் நர்ஸ் கிளாரா. பத்தாம் கட்டிலில் பூதப்பாண்டிக்காரர் ஒருவர். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், சாட்சிக்கு உதவமாட்டார். சுவரோரம் கஞ்சித் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு நான்.

2. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை என் கைப்பட எழுதுகிறேன். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவர் என் கொழுந்தனுடைய சம்பந்தி. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்று எழுதுவார். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேணும். தேதிப் பிழை இருக்காது.

3. வீட்டுக்காரருடைய கால் விவரம் தங்களுக்குத் தெரிந்ததே. போன வருஷம் பங்குனி முதல் நடந்தால் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. நின்றால் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி பிடிக்கிறது. முதலில் வீட்டிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரை ஒரே மூச்சாகப் போனவர், ஆவணியில் ஒரு இடத்தில் நின்றார், தையில் மூன்று இடத்தில் நின்றார். நிற்கிற இடத்தில் எல்லாம் யாருடனாவது பேசுவதற்காக நிற்பது போலப் பேச்சுக் கொடுப்பார். தெருவில் இவர் இப்போது ரொம்பச் சிநேகமாகிவிட்டார் என்று பேர். சித்திரையில் கால் சுண்டுவிரல் கறுத்துப் புண்ணாயிற்று. அதன் பிறகுதான் தங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். தொடையிலே ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கிறது, அதைத் திறந்து அடைப்பை எடுக்க வேண்டும், விட்டால் கால் போய்விடும் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலைக் குறித்து எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

4. புகார் நெஞ்சைக் குறித்தது. அதைச் சொல்வதற்கு முன், எங்கள் தெரு நேசையன் சங்கதியை எழுத வேண்டியிருக்கிறது. நேசையனுக்கும் இதே போலக் கால். இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனம் என்று சொல்லி ஆபரேஷன் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆயிற்று என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லுகிற கதை. பஸ்ஸில் ஏறினால் இந்தக் கதை, இறங்கினால் இந்தக் கதை. ஆகையால் எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் கூடி ஒரு தீர்மானம் செய்தார்கள். டாக்டர் முன்னால் நெஞ்சு என்ற பேச்சே எடுக்கக் கூடாது, எடுத்தால் டாக்டர் தள்ளிவிடுவார் என்று. தீர்மானம் நடந்தது வைகாசி 24, சாயங்காலம். எனக்குச் சொல்லவில்லை. அடுக்களையில் இருந்தவளுக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பார்கள்.

5. மறுநாள் ஆயத்தம் நடந்தது. என் கொழுந்தன் மாட்டுச் சந்தையில் முப்பது வருஷமாக நிற்கிறவர். கிழட்டு மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் போட்டு, சந்தைக்கு நடத்திக்கொண்டு வருவது எப்படி என்று அவருக்குத் தெரியும். அண்ணனுக்கும் அதே மாதிரி செய்தார். முகச்சவரம் ஆயிற்று. தலைக்கு எண்ணெய் ஆயிற்று. மீசைக்கு மை போட்டார்கள். வியாழக்கிழமை வார்டு வாசல் வரை குமாரதாஸும் அவருமாக நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். வாசலில் இறக்கி, டாக்டர் கண்ணில் படும்படி கட்டில் வரை ஆறு அடி நடக்க வைத்தார்கள். ஆறு அடிக்கு அவர் கால் ஒன்றும் சொல்லாது. மாப்பிள்ளை மாதிரி நடந்தார். நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் நிஜமாகவே மாப்பிள்ளையாக வந்த அன்றுகூட அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

6. ஜெபசீலன் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் என்னைத்தான் கேட்டார். அதை நான் மறைக்க மாட்டேன். "பாட்டி, வீட்டுக்காரருக்க பேரு என்ன?" என்றார். புருஷன் பேரை வாயால் சொல்லுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. எழுதலாம், எழுதக் கூடாது என்று யாரும் விதிக்கவில்லை, ஏனென்றால் எங்கள் தெருவில் எனக்கு முன்னால் எழுதத் தெரிந்த பெண்பிள்ளையே கிடையாது. பென்சிலைத் தாருங்கள், எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. "பாட்டி, நேரம் போவுது. ஆம்பிளைங்க ஆராவது சொல்லுங்க" என்று தலையைத் திருப்பினார். திருப்பின தலை என் பக்கம் மறுபடி திரும்பவே இல்லை. பேரைச் சொன்னவர் தாணுலிங்கம். ஆகையால் வயதைச் சொன்னவரும் தாணுலிங்கம், பசியைச் சொன்னவரும் தாணுலிங்கம், மலஜலம் எப்படி என்று சொன்னவரும் தாணுலிங்கம். இவர் குடியிருப்பது வேறு தெரு. அண்ணன் காலையில் எழுந்திருந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்றுகூட இவருக்குத் தெரியாது.

7. பெரிய டாக்டர் வந்ததும் தரகு உச்சத்துக்குப் போயிற்று. "டாக்டர் சாரே, எங்க அண்ணனுக்க ஒடம்பு கருங்காலி மரமாக்கும். கையைப் புடிச்சுப் பாருங்க. பல்லைப் பாருங்க, எல்லாம் சொந்தப் பல்லு" என்று அண்ணன் வாயைத் திறந்து காட்டினார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "சரி, மார்பில் வலி, மூச்சிரைப்பு, மயக்கம் ஏதாவது வருவதுண்டா?" என்று கேட்டார். அவர் தெளிவாகத்தான் கேட்டார். "ஒண்ணும் கெடையாது" என்றார் தாணுலிங்கம். "கெடையாது" என்றான் குமாரதாஸ். "புகை பிடிப்பாரா?" என்று கேட்டார். "அதெல்லாம் விட்டு வருஷமாச்சு" என்றான் குமாரதாஸ். சொன்னவனுடைய சட்டைப் பையில் அப்பாவுக்கு வாங்கின பீடிக்கட்டு இருந்தது.

8. அப்போது நான் சுவரை விட்டு முன்னால் வந்து, "டாக்டரே, நெஞ்சு வலி உண்டு. நான் தேதி சொல்லுதேன்" என்றேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தால் கேட்டிருப்பார். தாணுலிங்கம், "மைனி, நீங்க சும்மா இரிங்க" என்றார். அதைக்கூட விட்டுவிடலாம். கட்டிலில் இருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "அவ பேச்சை எழுதாண்டாம் டாக்டரே. அவளுக்கு என்ன தெரியும்? கண்டதுக்கெல்லாம் தேதி வச்சிருப்பா. அடுக்களையில பொகை குடிச்சு அவளுக்குத்தான் நெஞ்சு வலி, அதை எனக்க நெஞ்சுல ஏத்துதா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பூதப்பாண்டிக்காரரும் அந்த நேரம் பார்த்து விழித்துச் சிரித்தார். டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். படுத்திருக்கிற நெஞ்சு ஒழுங்காகத்தான் அடிக்கும். "இருதயம்: குறை இல்லை" என்று சீட்டில் ஏறிற்று. டாக்டர் கையெழுத்துப் போட்டுப் பதினோராம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

9. எனக்கு என்ன தெரியும் என்பதைத் தங்கள் சமூகத்தில் கீழே எழுதுகிறேன்.

1128 ஐப்பசி 12. கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர் பாதியில் கயிற்றை விட்டுவிட்டார். வாளி உள்ளே போயிற்று. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்தினார். மேலுதட்டில் வேர்வை. ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் இருந்தது, போயிற்று. வாயு என்றார். ஓமம் இடித்துக் கொடுத்தேன். வாளியை எடுக்க இரண்டு நாளாயிற்று.

1129 மார்கழி, சுசீந்திரம் தேரோட்டம். வடத்தைப் பிடித்து இழுத்தவர் தெற்கு ரதவீதி திரும்புகிறதற்குள் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். நெஞ்சிலிருந்து இடது கை சுண்டுவிரல் வரை மரத்துப்போயிற்று என்று என்னிடம் அவரே சொன்னார். கூட்டத்தில் யாரோ இடித்துவிட்டதாகப் பிறகு மாற்றிக்கொண்டார்.

1130 தை 3. பூக்கடவத்தை, அதாவது பிச்சிப்பூ நிறைத்த பெரிய ஓலைக்கூடையை, பஸ் மேலே ஏற்றக் கையைத் தூக்கினவர் அப்படியே நின்றுவிட்டார். இந்தத் தடவை வலி நெஞ்சிலிருந்து தாடைக்கு ஏறிற்று. பல்வலி என்று தாமே தீர்மானம் செய்து, அன்றைக்கே வடசேரியில் பல் பிடுங்குகிறவரிடம் போய்க் கீழ்த் தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டார். நல்ல பல். சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது. வலி அடுத்த கடவத்தைத் தூக்கினபோது திரும்ப வந்தது. அந்தப் பல்லை நான் எடுத்து வைத்திருந்தேன். இத்துடன் காகிதத்தில் பொதிந்து அனுப்பியிருக்கிறேன். தாங்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேணும்.

1130 சித்திரை 9. தம்பியோடு ஒரு சக்கைப்பழத்துக்காக, அதாவது பலாப்பழத்துக்காக, சண்டை. யார் மரத்தில் காய்த்தது என்பது இந்த மனுவுக்கு வேண்டாம். எங்கள் மரம். கையை ஓங்கிப் பேசிக்கொண்டிருந்தவர் வாயடைத்துப்போய் உட்கார்ந்தார். தம்பி தாம் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் தோற்றது நெஞ்சு வலிக்கு. இது தாணுலிங்கத்துக்கு இன்றுவரை தெரியாது. தாங்கள் சொன்னால் தெரிந்துகொள்வார்.

இவை பெரியவை. சின்னவை பதினேழு உண்டு. கேட்டால் சொல்லுவேன். இந்த வருஷம் முதல் தாழப் படுத்தால் மூச்சு முட்டி, தலையணை ஒன்றுக்கு மூன்றாகிவிட்டது என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

10. ஐயா, ஒரு காரியத்தை யோசித்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். மேலே சொன்ன நாலிலும் அவர் நடக்கவில்லை. இறைத்தார், இழுத்தார், தூக்கினார், கோபப்பட்டார். நடக்கும்போது ஏன் வரவில்லை என்று நான் பல நாள் யோசித்தேன். போன வருஷம் பங்குனிக்கு அப்புறம் அவர் நெஞ்சு வலிக்கிற தூரம் நடப்பதே இல்லை. அதற்கு முன்னாலேயே கால் பிடித்து நிறுத்திவிடுகிறது. கால் போடுகிற தடையினாலே நெஞ்சு தப்பித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு இவருக்குக் கால் ஒன்றுதான் குறை என்று தோன்றுகிறது. நாளைக்குத் தாங்கள் காலைச் சரியாக்கிக் கொடுத்தால், இவர் மறுநாளே சந்தைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார். நேரே நெஞ்சு வலிக்குள் நடந்து போய்விடுவார். அதுவும் ஆபரேஷன் மேஜையிலிருந்து இறங்கி வந்தால்தான். நான் படிக்காதவள். தப்பாக இருந்தால் டாக்டர்கள் திருத்தட்டும். ஆனால் ஒரு தரமாவது கேட்கட்டும்.

11. அன்று எல்லாரும் போன பிற்பாடு நர்ஸ் கிளாரா வராந்தாவில் என்னை நிறுத்தி, "பாட்டி, தேதி உண்டுன்னீங்களே, என்ன தேதி?" என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. நேசையன் கதையையும் சொன்னேன். "ஆரு பாட்டி சொன்னா, தள்ளிவிடுவாங்கன்னு? நெஞ்சு வலி உண்டுன்னு தெரிஞ்சா முதல்ல அதைப் பாப்பாங்க. இருதயத்தைக் கோடு போட்டுக் காட்டுத மெஷின் உண்டு. படுக்கை, உப்பு குறைச்ச சாப்பாடு, வலி வந்தா நாக்குக்கு அடியில வைக்க மாத்திரை. நெஞ்சு நிதானத்துக்கு வந்த பொறவு காலைத் தொடுவாங்க. மயக்கம் குடுக்குதவரும் அதுக்குத் தக்க குடுப்பாரு. தெரியாம மேஜையில ஏத்தினாத்தான் பயம். கால் தோத்தா கால் போவும். நெஞ்சு தோத்தா ஆளு போவும்" என்றாள். இந்தப் பெண் என்னிடம் பேசினதற்காக அவளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று தனியாக வேண்டிக்கொள்கிறேன். அந்த வார்டில் என்னைக் கேள்வி கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

12. நான் எதையும் விசாரிக்காமல் நம்புகிறவள் அல்ல. சனிக்கிழமை காலை நேசையன் வீட்டுக்கே போனேன். அவர் மனைவியிடம், உண்மையாக டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள், "மூணு வாரம் மருந்து சாப்பிட்டுட்டு வரச் சொன்னாங்க அக்கா. இவருதான் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னா கைவிட்டாச்சுன்னு நெனச்சாரு. நாங்க திரும்பப் போவல்ல" என்றாள். ஐயா, டாக்டர் தள்ளவே இல்லை. இவர்கள்தான் போகவில்லை. இரண்டு வருஷமாக எங்கள் ஊர் முழுவதும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு திரிந்த கதை அவ்வளவுதான். அந்தக் கதையை நம்பித்தான் எங்கள் வீட்டில் மீசைக்கு மை போட்டார்கள்.

13. இதை வீட்டில் சொன்னேன். தாணுலிங்கம், "நர்சு சொல்லுவா, டாக்டரு தள்ளுவாரு. அண்ணனுக்குக் கால் போனா நீங்களா தூக்குவீங்க?" என்று கேட்டார். கேட்கும்போது கண் கலங்கிவிட்டது. அண்ணன் மேல் பிரியம் இல்லாத ஆள் என்று நான் சொல்லமாட்டேன். பிரியம் இருக்கிறது, புத்திதான் சந்தையில் நிற்கிறது. குமாரதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "சித்தப்பா சொல்லுததைத்தான் அப்பாவும் சொல்லுதாரு அம்மா" என்றான். அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

14. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி கொண்டு போனேன். கட்டில் கம்பியைப் பிடித்துக் கையால் ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தவர், பாதியில் நின்றார். மேலுதட்டில் அதே வேர்வை. நான் பார்த்துவிட்டேன் என்பதை அவரும் பார்த்துவிட்டார். "என்னா வேனல்" என்றார். வெளியே இடவப்பாதி மழை கூரையை உடைக்கிற மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸைக் கூப்பிடுகிறேன் என்றேன். "ஏட்டி, வர்ற ஆபரேஷன் நாள் வரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு இரி. எனக்குக் கால் வேணும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது. வலி விடுகிற வரைக்கும் பிடித்திருந்தார். பிறகு கஞ்சியில் உப்பு போதாது என்று குறை சொன்னார். உப்பை நான் வேண்டுமென்றே குறைத்திருந்தேன்.

15. திங்கட்கிழமை ஜெபசீலனிடம் போய்ச் சீட்டைத் திருத்தக் கேட்டேன். டாக்டர் கையெழுத்து ஆன சீட்டில் தாம் பேனாவை வைக்க முடியாதென்றும், தாங்கள் திருவனந்தபுரம் போயிருப்பதாகவும் புதன்கிழமை வருவதாகவும், எழுத்து மூலம் கொடுத்தால் தங்கள் மேஜையில் வைப்பதாகவும் சொன்னார். இந்தத் தடவை மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். பென்சிலும் தந்தார். வியாழக்கிழமை தந்திருக்கலாம். ஆகவே இந்த மனு.

16. தாங்கள் செய்து தர நான் கேட்பது:

அ) ஒன்பதாம் கட்டில் சீட்டில் தாணுலிங்கமும் குமாரதாஸும் சொன்ன பதில்களை அடித்துவிட்டு, வீட்டுக்காரரை மறுபடி விசாரிக்க வேணும். விசாரிக்கும்போது ஆண்பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு என்னைப் பக்கத்தில் நிறுத்த வேணும். அவர் கிடையாது என்று சொல்லுகிற ஒவ்வொன்றுக்கும் நான் தேதி சொல்லுகிறேன். எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது நிஜம் என்று டாக்டருக்கு நாலாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

ஆ) அவரைப் படுக்க வைத்து மட்டும் நெஞ்சைக் கேட்காமல், கோடு போடுகிற மெஷினிலும் வைத்துப் பார்க்க வேணும். மெஷின் இங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறதோ அங்கே அனுப்பி வைக்க வேணும். திருவனந்தபுரம் ஆனாலும் கொண்டுபோகிறோம். நாற்காலி தூக்க இரண்டு பேர் தயாராகத்தான் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு வந்துவிட்டது.

இ) 23-ந் தேதி வரை காத்திருக்காமல் இந்த மனு கண்ட அன்றே பார்க்க வேணும். விரலில் கறுப்பு நாளுக்கு நாள் ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். நெஞ்சுக்காகக் காலை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம், காலுக்காக நெஞ்சு விஷயத்தில் எவ்வளவு துணியலாம் என்பது தங்களைப் போன்றவர்கள் தீர்மானிக்க வேண்டியது. அதில் நான் தலையிட மாட்டேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு மற்றதைத் தெரியாமல் தீர்மானிக்க வேண்டாம் என்பதே என் கோரிக்கை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் வேண்டும் என்றாலும் சரி, பொறுத்துச் செய்யலாம் என்றாலும் சரி, நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஈ) வார்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் நாளொன்றுக்கு மூன்று பீடி நடக்கிறது. பூதப்பாண்டிக்காரர் காவல் நிற்கிறார். நிறுத்த வேணும்.

உ) டாக்டர் அவரிடம், "நெஞ்சு வலி இருப்பதாலே உன்னைத் தள்ளமாட்டோம்" என்று தம் வாயாலே சொல்ல வேணும். நான் சொன்னால் நம்ப மாட்டார். தம்பி சொன்னால் நம்புவார், தம்பி சொல்ல மாட்டார். இது மருந்தில் சேராது என்று நினைக்க வேண்டாம். இதைச் சொன்னால்தான் அவர் வாயிலிருந்து நிஜம் வரும்.

ஊ) இனிமேல் வருகிற நோயாளிகளுக்கும் சீட்டு எழுதுகிறபோது, கூடச் சமைத்துப் போட்டுக் கூடவே இருக்கிற ஆளை ஒரு வார்த்தை கேட்கும்படி உத்தரவு போட்டால் நல்லது. பேரை மட்டும் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

17. இந்த மனு கொடுத்தது தெரிந்தால் வீட்டில் என்னோடு பேச மாட்டார்கள். பரவாயில்லை. 1103-ல் ஆறு மாதம் பேசாமல் இருந்து பார்த்திருக்கிறார்கள், முதலில் வாய் திறந்தது நான் அல்ல. நர்ஸ் கிளாரா சொன்னதையும் நேசையன் மனைவி சொன்னதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. என்னையும் விசாரிக்கலாம். தினம் பதினொரு மணிக்கு வார்டு வாசலில் தூக்குச்சட்டியோடு இருப்பேன்.

ஒரு மனுஷனுடைய காலைக் காப்பாற்ற நினைத்துக்கொண்டு ஆளையே கொண்டுபோய் ஒப்புக்கொடுக்கிற காரியம் தங்கள் ஆஸ்பத்திரியில் நடக்காதபடி பார்த்துக்கொள்ளுமாறு, தங்களுக்கு நல்ல தேகசுகத்தையும் கோரி, இரண்டு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்ளும்,

(கையொப்பம்)
கோ. சொர்ணம்மாள்

இடம்: தோவாளை
தேதி: 14–6–1955 (கொல்லம் 1130 வைகாசி 31, செவ்வாய்க்கிழமை)

இணைப்பு: பல் – ஒன்று.

பி.கு.: இந்தக் காரியத்தில் யார் மேல் நடவடிக்கை வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். ஒருவர் மேலும் வேண்டாம். ஜெபசீலனை மன்னித்துவிட்டேன், அவருக்கு அன்று பதினாலு கட்டில் எழுத வேண்டியிருந்தது. பெரிய டாக்டரை மன்னித்துவிட்டேன், ஒளித்து வைத்ததை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மகனை மன்னித்துவிட்டேன், பெற்றவள் வேறென்ன செய்வது? கொழுந்தனைச் சக்கைப்பழம் நீங்கலாக மன்னித்துவிட்டேன். ஆனால், கிணற்றடியில் ஓமம் கொடுத்தவளை, தேர்க் கூட்டத்தில் கையைத் தேய்த்துவிட்டவளை, நெஞ்சில் கை வைக்கிற ஒவ்வொரு தடவையும் கூட இருந்தவளை, ஆறு பேர் முன்னால் "அவளுக்கு என்ன தெரியும்" என்று கேட்ட ஒரு ஆள் இருக்கிறார். அவரை நான் மன்னிப்பதாக இல்லை. இதை நான் அவர் முகத்துக்கு நேரே, அவர் இரண்டு காலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, நெடுங்காலம் தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் அவரை உயிரோடு என்னிடம் திருப்பித் தர வேணும். அவர் பேர் கோலப்பன்.